திறக்காமல் அழித்த காதுகுத்துப் பத்திரிகை

இதை எழுதிவிடுகிறேன் என்று மருதமலை முருகனிடம் சொல்லி நான்கு தைப்பூசம் போய்விட்டது. ஒவ்வொரு வருடமும் படியேறும்போது, கீழே இறங்கினதும் நோட்டை எடுத்து உட்கார்ந்துவிடுகிறேன் என்று சொல்லுவேன். வீடு வந்தால் அடுப்பு வேலை இருக்கும், பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டியிருக்கும். அதெல்லாம் சாக்கு. எழுதினால் என் தப்பு என் கையெழுத்திலேயே நின்றுவிடும் என்ற பயம்தான் காரணம்.

போன மாதம் நம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அலுவலகத்தில் புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறீர்களாம். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது ஒரு பெண் உட்காருகிறாளாம். அழைப்பிதழ் போல வேடம் போட்டு வருகிற திருட்டு மெயில்கள் மறுபடி நிறைய வருகிறதாம். "நீங்க வந்து நாலு வார்த்தை பேசுங்கம்மா" என்று கேட்டார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் நின்று பேச வராது, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு தப்பிக்க வழியில்லை.

நான் பத்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு, நம் மோட்டார் பம்ப் கம்பெனியில் தபால் பிரித்து அடுக்குகிற வேலைக்கு வந்தேன். தபால் குறைந்து மெயில் வந்தபோது, அதே நாற்காலியில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, கம்பெனியின் பொது மெயில் பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். எதை யாரிடம் அனுப்ப வேண்டும் என்று பார்த்து அனுப்புவது என் வேலை. முதலாளியின் உதவியாளரும், லாரிக்குச் சரக்கு அனுப்பும் பிரிவில் ஒருவரும் அதே பெட்டியைத் திறப்பார்கள்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. யாரும் கொடுத்ததல்ல, நானாக எடுத்துக்கொண்டது. டீலர்கள், வார்ப்படம் செய்து கொடுப்பவர்கள், லாரிக்காரர்கள் என்று யார் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வந்தாலும், ஒரு டைரியில் நாள், மண்டபம், முகூர்த்தம் எல்லாம் எழுதி வைப்பேன். கம்பெனியிலிருந்து யார் போகிறார்கள் என்று முதல் நாளே கேட்டு உறுதி செய்வேன். "உங்க கம்பெனியில ஒருத்தருங்கூட வரலைங்க" என்று ஒருவர் சொல்லும்படி நான் வைத்ததில்லை. அதில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமை இருந்ததால்தான் கடைசியில் நடந்தது இன்னும் வலிக்கிறது.

பத்திரிகை வாங்குவதற்கு நம் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். இரண்டு கையாலும் வாங்க வேண்டும். கொடுத்தவர் எதிரிலேயே பிரித்துப் படித்து, பொண்ணு எந்த ஊரு, மாப்பிள்ளை என்ன பண்றாரு என்று கேட்க வேண்டும். பிரிக்காமல் மேசைமேல் வைத்தால், வர மாட்டேன் என்று சொன்ன மாதிரி. எந்த ஊரிலோ உட்கார்ந்துகொண்டு வலை விரிக்கிற திருடனுக்கு இந்த முறை தெரிந்திருக்காது. ஆனால் நான் விழுந்தது அதனால்தான்.

ஒரு நாள் காலை, டீ முடிந்து உட்கார்ந்தபோது, அந்தியூரில் பம்ப் கடை வைத்திருக்கும் ஒரு டீலர் பெயரில் மெயில் வந்திருந்தது. எங்கள் இல்லத் திருமணத்துக்கு அன்புடன் அழைக்கிறோம், அழைப்பிதழைக் காண இங்கே அழுத்தவும். அவ்வளவுதான். அவருடைய இரண்டாவது பெண்ணுக்கு வரன் பார்ப்பது எனக்குத் தெரியும். நல்லபடியாக அமைந்ததே என்று சந்தோஷப்பட்டேன். அழுத்தினேன். அழைப்பிதழைப் பார்க்க உங்கள் மெயில் முகவரியும் கடவுச்சொல்லும் போடுங்கள் என்று கேட்டது. போட்டேன். திறக்கவில்லை. தப்பாக அடித்துவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். மூன்றாவது தடவையும் போட்டேன். ஆசையாக ஒருவர் அனுப்பியிருக்கிறார், பார்க்காமல் விடுவதா என்ற எண்ணம்தான் மனதில் இருந்தது.

இப்போது நீங்கள் படிக்கும்போது சிரிப்பு வரலாம். இந்தக் கண்ணோடு அன்றைக்குப் பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். நம் ஊர்ப் பத்திரிகையில் தாத்தா பேரிலிருந்து சித்தப்பன் பிள்ளைகள் பேர் வரை நெருக்கி அச்சடித்திருப்பார்கள். தாய்மாமன் பேர் விட்டுப்போனால் சண்டையே வரும். இந்த மெயிலில் பெண்ணின் பேர்கூட இல்லை. நாள் இல்லை, மண்டபம் இல்லை. பார்க்க வேண்டியது எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, சாவியை நீ கொடு என்கிறது. எந்த வீட்டிலாவது பத்திரிகை வைக்க வந்தவர்கள், முதலில் உங்கள் பீரோச் சாவியைக் கொடுங்கள் என்று கேட்பார்களா?

மத்தியானத்துக்குள் அந்தியூர்க்காரர் பெயரில் வந்த அதே அழைப்பு, எங்கள் பொதுப் பெட்டியிலிருந்து, எங்கள் கம்பெனி பெயரில், அத்தனை டீலர்களுக்கும் போய்விட்டது. எங்கள் இல்லத் திருமணம், அன்புடன் அழைக்கிறோம் என்று.

நடந்ததில் கொடுமை என்ன தெரியுமா? முதலாளியின் மகளுக்கு நிச்சயம் வரை போன சம்பந்தம், பத்து நாளுக்கு முன்னால்தான் நின்றுபோயிருந்தது. வீட்டில் யாரும் வெளியே வராமல் இருந்தார்கள். அந்த வீட்டுக்கு வரிசையாகப் போன். "ஏனுங்க, கல்யாணம் கூடி வந்துருச்சாமா, ரொம்பச் சந்தோசமுங்க, அழைப்புத் தெறக்க மாட்டேங்குதுங்க, நாள் மட்டும் சொல்லுங்க" என்று. போனை எடுத்தது முதலாளியின் மனைவி. ஒவ்வொருவருக்கும் இல்லைங்க, இல்லைங்க என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்தம்மா போனைத் தரையில் வைத்துவிட்டு அழுததாகக் கேள்விப்பட்டேன்.

மாலை நாலு மணிக்கு முதலாளி அலுவலக ஹாலின் நடுவில் வந்து நின்றார். சத்தம் போடுகிறவர் இல்லை. அன்றைக்கும் போடவில்லை. "இது யாரால ஆச்சுங்க?" என்று மட்டும் கேட்டார்.

எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், எழுந்திருக்கவில்லை. அதற்குள் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த தம்பி எழுந்துவிட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் எழுதப் போவதில்லை. என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அலுவலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. எங்களுக்கு மெயில் அனுப்பக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். நான் சுட்டியைப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறியபோது, "அக்கா, தோசைக் கரண்டி பிடிக்கற மாதிரி புடிங்க, தானா வந்துரும்" என்றவர். கூடப்பிறந்தவர்கள் அவருக்கு யாரும் இல்லை.

"என் தப்புங்க" என்றார் அவர். "போனுக்கு நம்பர் வந்து, அதைப் போட்டாத்தான் பெட்டி தெறக்கற மாதிரி ஒரு பூட்டு இருக்குதுங்க. அதை எல்லாத்துக்கும் போட்டேன், பொதுப் பெட்டிக்குப் போடாம விட்டுப்போட்டனுங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தப் பூட்டு ஏன் போடவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு முன் அதைப் போட வந்தவரை, தினமும் நம்பர் பார்த்துக்கொண்டு உட்கார எனக்கு நேரமில்லை தம்பி, தொந்தரவு என்று திருப்பி அனுப்பியது நான். பெரியவள் சொல்கிறேனே என்று அவர் விட்டுவிட்டார். இரண்டு தப்பும் என்னுடையது. எழுந்து நின்றது அவர்.

முதலாளி உள்ளே போய்விட்டார். வேலையை விட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து தம்பி நடந்துபோனால் பேச்சு நிற்கும். அவரால்தான் முதலாளி வீட்டம்மா அழுதார்கள் என்று காண்டீனில்கூடப் பேசினார்கள். ஒரு மாதத்தில் அவரே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ஒரு மாதமும் தினமும் பதினோரு மணிக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. பேர் யாருடையதாகவும் இருக்கும், பேருக்குப் பின்னால் இருக்கும் முகவரியைப் பாருங்கள் என்பார். இன்றைக்கே பார், இப்போதே பார் என்று அவசரப்படுத்துகிறதா என்று பாருங்கள் என்பார். ஒரு நாள் எனக்கே ஒரு போலி அழைப்பு அனுப்பிச் சோதித்தார். அவருக்கு அறுபதாம் கல்யாணமாம், அவசியம் வரவும் என்று. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன்.

அவர் முக்கியமாகச் சொன்னது ஒன்று. அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"சந்தேகம் வந்தாத் தெறக்க வேண்டாமுங்க்கா. ஆனா அழிச்சும் போடாதீங்க. அவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுப்போடுங்க. மெயில்ல இருக்கற நம்பருக்குப் போடாதீங்க, உங்க போன்ல முன்னாலயே இருக்கற நம்பருக்குப் போடுங்க. நெசமான ஆளுன்னா சந்தோசப்படுவாங்க. திருடன்னா மாட்டிக்குவான்."

கடைசி நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு என்னிடமும் வந்தார். இன்றைக்காவது முதலாளியிடம் சொல்லிவிடுகிறேன் தம்பி என்றேன். "உடுங்க்கா, உங்களுக்கு இன்னும் நாலஞ்சு வருசம் சர்வீஸ் இருக்குது" என்றார். நான் விட்டுவிட்டேன். அவர் விடச் சொன்னது என் நன்மைக்கு. நான் விட்டது என் சௌகரியத்துக்கு.

அதற்குப் பிறகு நான் அலுவலகத்தில் பெரிய ஆள் ஆகிவிட்டேன். வரும் அழைப்பு மெயில்களை எல்லாம் சந்தேகப்பட்டேன். போலியின் அடையாளங்களை எழுதிச் சுவரில் காகிதம் ஒட்டினேன். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். ஒரு முறை நிஜமாகவே ஒரு பெரிய வலையை நான் பிடித்தபோது, மேலாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். கையெல்லாம் தட்டினார்கள். அன்று மாலை பூஜை அறையில் விளக்கேற்றியபோது சாமி படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்தக் கைதட்டு தம்பிக்குச் சேர வேண்டியது.

அவருக்கு நான் போன் செய்யவில்லை. கவுண்டம்பாளையத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்து வளர்கிறது என்றும் கேள்விப்பட்டேன். பிறகு சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதோடு சரி. அப்படியே நான்கு வருடம் போனது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம், ஒரு வியாழக்கிழமை, அவர் பெயரில் பொதுப் பெட்டிக்கு ஒரு அழைப்பு வந்தது. அலுவலகத்தில் இருந்த நாற்பது பேருக்கும் தனித்தனியாகவும் வந்திருந்தது. எங்கள் மகளின் காதணி விழாவுக்கு அனைவரும் வர வேண்டும், அழைப்பிதழைக் காண இங்கே அழுத்தவும். முகவரி நான் பார்க்காத புது முகவரி. அழுத்தச் சொன்ன இடமோ கேள்விப்படாத பெயர். குழந்தையின் பேரில்லை, நாளில்லை, கோயில் பேரில்லை.

சுவரில் நான் ஒட்டியிருந்த காகிதத்தில் சொன்ன அத்தனை அடையாளமும் அதில் இருந்தது.

அதுவும் போக, நம் பக்கத்தில் காதுகுத்துக்கு யாராவது மெயிலில் அழைப்பார்களா? வெற்றிலை பாக்குத் தட்டோடு புருசனும் பெண்டாட்டியும் வீட்டுக்கு வந்து, நேரில் அழைப்பார்கள். அந்தத் தம்பி மரியாதை தெரிந்தவர், இப்படிச் செய்யவே மாட்டார். ஆகவே போலி என்று முடிவுகட்டினேன். அவர் ஊசி குத்தின கையோடு எத்தனை வீட்டுப் படி ஏற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

போனைக் கையில் எடுத்தேன். இதை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். போனை எடுத்தேன், அவர் பெயரைத் தேடினேன், பெயர் வந்தது. கட்டைவிரல் அதன் மேலேயே நின்றது. அழுத்தவில்லை. ஏனுங்க தம்பி, எங்களை விசேசத்துக்குக் கூப்பிட்டீங்களா என்று நாமாகப் போய்க் கேட்பது நன்றாகவா இருக்கும்? கூப்பிடவில்லை என்றால் அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். இப்படி ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். நம்மவர்கள் எல்லோரும் இந்த நியாயத்தைத்தான் சொல்லுவார்கள், அழைப்பைக் கேட்டு வாங்குவது கேவலம் என்று.

அது பாதி நியாயம். மீதியைச் சொல்லத்தான் இவ்வளவு வருடம் ஆனது. அவர் குரலைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. நாலு வருடமாக நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று அவர் கேட்க மாட்டார். கேட்கவே மாட்டார் என்பதுதான் பயம்.

போனை வைத்துவிட்டு, மெயிலை அழித்தேன். எல்லோருக்கும் எழுதினேன்: முன்பு நம்மிடம் வேலை பார்த்தவர் பெயரில் ஒரு போலி அழைப்பு வருகிறது, யாரும் திறக்க வேண்டாம், உடனே அழித்துவிடவும். நான் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். நாற்பது பேரும் அழித்தார்கள்.

திங்கட்கிழமை காலை கேட்டில் வாச்மேன் அண்ணன் என்னை நிறுத்தினார். அவரிடம் மெயில் கிடையாது, சாதாரணப் போன்தான். ஒரு பொட்டலத்தில் பழமும் திருநீறும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக் காதுகுத்துக்குப் போய்வந்தேன், பிரசாதம் என்றார். எனக்கு ஒரு கணம் எந்தத் தம்பி என்றே புரியவில்லை. புரிந்தபோது கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நாற்பது பேருக்குத் தனியா ஒரு பந்தி ஒதுக்கி, எலை போட்டு வெச்சிருந்தாங்க அம்மணி" என்றார். "ஆபீஸ்க்காரங்க வந்துருவாங்க, வந்துருவாங்கன்னு ஒரு மணி வரைக்கும் யாரையும் அதுல உக்கார உடலைங்க. அப்பறம் அவரே எந்திரிச்சு வந்து, பரவால்ல அண்ணா, அந்த எலையில ஊர்க்காரங்களை உக்காரச் சொல்லுங்கன்னு சொல்லிப்போட்டாரு."

யாரும் ஏன் வரவில்லை என்று அவரிடம் தம்பி கேட்டாராம். வாச்மேன் அண்ணனுக்கு என் அறிவிப்பு பற்றிக் காண்டீனில் கேட்டது ஞாபகம் இருந்திருக்கிறது. அதைச் சொன்னாராம். சொல்லிவிட்டு என்னிடம், தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று கவலையோடு கேட்டார்.

மெயில் இல்லாதவர் என்பதால் அவருக்கு மட்டும் அந்த அழைப்பைக் காகிதத்தில் அச்செடுத்துக் கொடுத்திருந்தார்கள். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நான் மெயிலில் தேடி, இல்லை என்று குறை கண்ட பேர்கள் எல்லாம் அதில் இருந்தன. நாள் இருந்தது, கோயில் இருந்தது, தாய்மாமன் பேர் இருந்தது. அதற்குக் கீழே, அத்தை என்று போட்டு, என் பேர் இருந்தது.

கூடப்பிறந்த அக்கா தங்கை இல்லாதவர். அந்த இடத்தைக் காலியாக விட மனமில்லாமல் என் பேரைப் போட்டிருக்கிறார். காதுகுத்தில் அத்தைக்கு என்ன முறை, என்ன உரிமை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குழந்தைக்கு அத்தை வரவில்லை. வராதது மட்டுமில்லை, யாரும் போகக் கூடாது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குத்தான் அவருக்குப் போன் செய்தேன். முன்னாலேயே என் போனில் இருந்த நம்பர்தான். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். வரலாமா தம்பி என்றேன். "வாங்க்கா, இன்னிக்கு ஆஸ்பத்திரி இல்ல, ஊட்லதான் இருக்கறேன்" என்றார்.

அரைநாள் லீவு போட்டுவிட்டு, போகிற வழியில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த உடம்பு அவருடையது என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முழங்கைக்குக் கீழே துணிக்கட்டு. சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு.

"ஆபீஸ்ல எல்லாரும் நல்லாத்தான் படிச்சிருக்கறாங்க. ஒருத்தருங்கூடத் தெறக்கலை பாருங்க" என்றார்.

நான் அழுதேன். அவர் மனைவி காபி கொண்டுவந்தார். அக்காவுக்குச் சர்க்கரை கம்மி என்று அவர் மனைவியிடம் சொன்னார். அதைக்கூட மறந்திருக்கவில்லை.

"புது முகவரி, புது லிங்க்கு, மெயிலுக்குள்ள பேரும் கெடையாது. நானா இருந்தாலும் தெறந்திருக்க மாட்டனுங்க்கா" என்றார். "பாப்பா குரலையெல்லாம் பதிஞ்சு, நானே உக்காந்து செஞ்சேன். பத்து நாள் ஆச்சு. அதைக் காட்டோணும்னு ஒரு ஆசை. அதனாலதான் அப்படி அனுப்பினேன். தெறக்காதது தப்பில்லைங்க." பிறகு என்னைப் பார்த்து, "போன் ஏனுங்க்கா போடல?" என்றார்.

உள்ளதைச் சொன்னேன். பெயர் மேல் கட்டைவிரல் நின்றதைச் சொன்னேன்.

"நானும் போட்டிருக்கலாமுங்க" என்றார். "போன் போட்டு வாங்கன்னா நீங்க வந்துருவீங்க. ஆபீஸ் தானா வருதான்னு பாக்கோணும்னு நெனச்சுப்போட்டேன். நாலு வருசமாச்சே, இன்னும் என்னை அவங்க ஆளா நெனைக்கறாங்களான்னு. அந்தப் பந்தியில நாலு பேர் உக்காந்திருந்தாக்கூடப் போதுமுங்க."

நான் முதலாளியிடம் நாளைக்கே போய் எல்லாம் சொல்லிவிடுகிறேன் என்றேன். முன்பு உடுங்க்கா என்றவர் இப்போது அப்படிச் சொல்லவில்லை.

"எனக்கு இனி என்ன ஆகப்போகுதுங்க. ஆனா இவ பெருசாகி, எங்கப்பா ஏன் அந்த வேலையை உட்டாருன்னு என்னைக்காச்சும் யாருகிட்டயாச்சும் கேப்பா. கேக்கறப்ப அவளுக்குச் சரியா வந்து சேரோணுமுங்க்கா. எங்கியாச்சும் எழுதி வெச்சிருங்க."

குழந்தை கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று வயது. காதில் புதுத் தோடு, சுற்றிலும் மஞ்சள். கூப்பிட்டுக் கொலுசைப் போட்டுவிட்டேன். "நீங்கதான் அந்த அத்தையா?" என்று கேட்டது. "அன்னிக்கு உங்களுக்கு எலை போட்டிருந்தோம்."

அலுவலகம் திரும்பியதும், அழித்த மெயில்கள் கொஞ்ச நாள் தங்கியிருக்கும் இடத்தில் தேடி, அதை எடுத்துத் திறந்தேன். நேரில் கேட்ட பிறகு திறப்பதில் பயமில்லை. கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. ஒரு மாவிலைத் தோரணம் விரிந்தது. பிறகு அந்தக் குழந்தையின் குரல். அத்தை, ஆபீஸ் மாமா, ஆபீஸ் அத்தை எல்லாரும் வந்துருங்க, என்று. இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்க முடியவில்லை.

மறுநாள் முதலாளி அறைக்குப் போய் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இந்த நாலு வருசத்துல அவனைப் பத்தி எத்தனை பேருகிட்ட நான் தப்பாச் சொல்லியிருக்கறேன் தெரியுமுங்களா?" என்றார். வேறு ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. அந்த வாரமே தம்பி வீட்டுக்குப் போய்வந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததாகத் தம்பியின் மனைவி சொன்னார். அன்றைக்குத் தம்பி நன்றாகச் சாப்பிட்டாராம்.

ஏழு வாரத்தில் அவர் போய்விட்டார்.

கம்பெனி பஸ்ஸில் நாற்பது பேரும் போனோம். சாவுக்கு யாரும் அழைப்புக்குக் காத்திருப்பதில்லை. உண்மையா போலியா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எல்லோரும் வந்தார்கள்.

கண்ணுகளே, என் கதை அவ்வளவுதான். போலி அழைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லித்தர இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். வேடம் மாறிக்கொண்டே இருக்கும், அடையாளமும் மாறும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சந்தேகப்படுவதோடு உங்கள் வேலை முடிவதில்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு மனிதர் இலை போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். கூச்சப்பட்டுக்கொண்டே கேளுங்கள். யாரிடம் பேசப் பயமாக இருக்கிறதோ, அவரிடம் முதலில் கேளுங்கள்.

இந்தக் கதை அலுவலகத்தில் வேறு மாதிரி நடமாடுவதாகக் கேள்விப்பட்டேன். அவர் கவனக்குறைவால் வேலையை விட்டார் என்று சிலர் இன்னும் சொல்கிறார்களாம். இன்னும் சிலர் என்மேல் உள்ள மரியாதையால், அக்கா விதிப்படிதான் செய்தார்கள் என்கிறார்களாம். இரண்டும் வேண்டாம். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இதைக் கொடுக்கும்போது, எனக்காக ஒரு வரியைக்கூட நல்லதாக மாற்றாதீர்கள். அவர் எழுந்து நின்றபோது நான் உட்கார்ந்திருந்தேன் என்பதையும், பெயர் மேல் விரலை வைத்துக்கொண்டு நான் அழுத்தாமல் விட்டேன் என்பதையும் எடுத்துவிடாதீர்கள்.

இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு பெண் நம் கேட்டுக்கு வந்து, எங்கப்பா இங்கே வேலை பார்த்தார் என்று சொல்லக்கூடும். நான் அப்போது இருப்பேனா என்பது முருகன் சித்தம். அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, இதை இப்படியே அவள் கையில் கொடுங்கள். அவள் கேட்டால், அத்தை எழுதியது என்று சொல்லுங்கள்.